‘இயல்பாக இருங்கள்’ என்று இனிச் சொல்லலாமா?

கேள்வி: ஆறு வருடமாக மேடைப்பேச்சுப் பயிற்சி கொடுத்து வருகிறேன். பெரும்பாலும் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள், கொஞ்சம் கல்லூரி மாணவர்கள். போன மாதம் இரண்டு நாள் வகுப்பு ஒன்று முடிந்ததும் வழக்கம்போலக் கருத்துத்தாள் வாங்கினேன். ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: “தன்னம்பிக்கையோடு பேசுங்கள், இயல்பாக இருங்கள், உடல்மொழி முக்கியம், நிறையப் பயிற்சி செய்யுங்கள். இதெல்லாம் வகுப்புக்கு வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும்.” அன்றிலிருந்து அந்தச் சொற்களை வாயில் எடுக்கவே கூச்சமாக இருக்கிறது. ‘மேடை அதிர்வு’, ‘உள்ளொளி’ என்று புதிதாகச் சிலவற்றைச் சொல்லிப் பார்த்தேன். கேட்டவர்கள் முழித்தார்கள். அரைத்த மாவாகிப்போன பழைய சொற்களை விட்டுவிட வேண்டியதுதானா? இல்லை, இவற்றுக்கு இன்னும் ஏதாவது மதிப்பு இருக்கிறதா?

— பெயர் வெளியிட விரும்பாத பயிற்சியாளர்

பதில்: விட வேண்டாம். ஆனால் அந்தக் கருத்துத்தாளை எழுதியவர் சொன்னதும் சரிதான். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிச் சரியாக இருக்கும் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்த நீளமான பதில்.

அதற்கு முன் ஒன்று. ‘உள்ளொளி’யை இன்றைக்கே விட்டுவிடுங்கள். பழைய சொல் சலித்ததும் புதுச் சொல் தேடி அலைவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் ஒரு தடவை வரும் காய்ச்சல். எனக்கும் வந்து இறங்கியது. ‘குரல் வரைபடம்’ என்று ஒன்றைக் கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது என்ன என்று இன்று யாராவது கேட்டால் எனக்கே விளக்கத் தெரியாது. புதுச் சொல்லில் ஒரு சங்கடம் உண்டு. கேட்பவர் முதலில் அந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும், அப்புறம் அது சொல்லும் வேலையைச் செய்ய வேண்டும். நா வறண்டு மேடையோரம் நிற்கும் ஆளுக்கு இரண்டு வேலையா கொடுப்பது? ‘தன்னம்பிக்கை’யைக் ‘கான்ஃபிடன்ஸ்’ என்று மாற்றினாலும், ‘உடல்மொழி’யைப் ‘பாடி லாங்குவேஜ்’ என்று மாற்றினாலும் நிலைமை அதேதான். சட்டையை மாற்றினால் ஆள் மாறிவிடுவதில்லை.

சரி, கருத்துத்தாளுக்கு வருவோம். அந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். அந்தச் சொற்கள் பொய் என்று அவர் எழுதவில்லை. பழசு என்றுகூட எழுதவில்லை. “முன்பே தெரியும்” என்று எழுதியிருக்கிறார். வரும்போது கையில் என்ன இருந்ததோ அதுதான் போகும்போதும் இருந்தது. நடுவில் இரண்டு நாள் எங்கே போனது என்று கேட்கிறார். சொல் வந்து சேர்ந்திருக்கிறது, அதற்குப் பின்னால் வரவேண்டியது வரவில்லை. ஆனால் உங்களுக்கு எல்லாம் வந்து சேர்ந்த மாதிரியே இருந்திருக்கும். அது ஏன் என்பதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் ஒரு சோதனை இருக்கிறது.

1990-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்பவர் தன் முனைவர் பட்டத்துக்காகச் செய்தது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகள்தான். ஒருவர் பாட்டின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும், எதிரே இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டியவர்களிடம் எத்தனை பாட்டைக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டதற்கு, பாதியையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார்கள். 120 பாட்டில் கண்டுபிடித்தது 3. தட்டுகிறவர் காதில் முழுப் பாட்டும் வாத்தியத்தோடு ஓடுகிறது. எதிரே இருப்பவருக்கு வெறும் டொக், டொக்.

நீங்கள் ‘இயல்பாக இருங்கள்’ என்று சொல்லும்போது உங்களுக்குள் ஆறு வருடப் பாட்டு ஓடுகிறது. எத்தனையோ பேர் தடுமாறி, பிறகு சட்டென்று தளர்ந்து பேசிய நிமிடங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அதனால்தான் அந்தச் சொல் உங்களுக்கு நிறைவாக இருக்கிறது. எதிரே நாற்காலியில் இருப்பவருக்கு டொக் டொக்தான். அந்தச் சத்தத்தை அவர் பள்ளிக்கூட ஆண்டு விழாவிலிருந்தே கேட்டு வருகிறார்.

என் வகுப்புக்கு ஒரு பொறியாளர் வந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, வேலையில் கெட்டி. இயந்திரப் பழுதைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். பேசுகிறார், இரண்டு கையும் தொடையோடு ஒட்டியிருக்கின்றன, குரல் ஒரே கோட்டில் போகிறது. எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் அலுப்பு. “இயல்பா பேசுங்க சார்” என்றேன். உடனே இன்னும் விறைத்துப்போனார். புகைப்படம் எடுப்பவர் “சிரிங்க” என்றதும் முகம் கோணிக்கொள்ளுமே, அப்படி. போதாக்குறைக்கு ஒரு புன்னகையை வேறு ஒட்டவைத்துக்கொண்டார். பார்க்கச் சகிக்கவில்லை.

இடைவேளையில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பம்ப் நின்றுபோன சம்பவம். வலது கை பம்பாக மாறியிருந்தது, இடது கை வால்வைத் திருகிக்கொண்டிருந்தது. “சத்தம் வருது, ஆனா தண்ணி வரலை” என்ற இடத்தில் குரல் தானாகத் தணிந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர் முன்னால் சாய்ந்தார். நான் கைப்பேசியில் அரை நிமிடம் படம் எடுத்தேன், அப்புறம் அனுமதி கேட்டேன். வரிசை மாறிப்போனதற்கு அவர் என்னைத் திட்டவில்லை. காலையில் மேடையில் எடுத்த படத்தையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். வாயைத் திறக்கவில்லை. இரண்டு முறை பார்த்தார்.

“ரெண்டும் நானா?” என்றார்.

“ரெண்டாவதுக்கு என்ன பேர் வைக்கலாம் சார்?”

கொஞ்சம் யோசித்தார். “இயல்பா இருக்கிறதுன்னு சொல்றாங்களே, அதுவா இருக்கும்.”

அதே சொல்தான். காலையில் அவரை விறைக்க வைத்த சொல், மதியம் அவர் வாயிலிருந்து வரும்போது பம்ப், வால்வு, தணிந்த குரல், முன்னால் சாய்ந்த ஆள் என்று இத்தனையையும் உள்ளே வைத்துக்கொண்டு வந்தது. அடுத்த வாரம் உண்மையான கூட்டத்துக்குள் நுழைவதற்கு முன் என்னைக் கூப்பிட்டார். நான் விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. “இயல்பா” என்றேன். “ம், பம்ப்” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

வேலை முதலில், சொல் அப்புறம். உங்கள் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். சொல்லை முதலில் கொடுத்தால் அது காலிப் பெட்டியில் ஒட்டிய சீட்டு. உள்ளே சரக்கு வந்த பிறகு ஒட்டினால், அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் அவர் அவசரத்துக்குப் பெட்டியை எடுப்பார்.

அந்தச் சீட்டுக்குப் பழைய, தேய்ந்த சொல்தான் தோதானது என்பேன். மேடை ஏறும் நேரத்தில் யாருக்கும் ஒரு பத்தி நினைவில் நிற்காது, ஒரு சொல் நிற்கும். அந்தச் சொல் சின்னதாக, நாக்குக்குப் பழகியதாக, அர்த்தம் கேட்க வேண்டாததாக இருக்க வேண்டும். நூறு பேர் வாயில் புழங்கித் தேய்ந்த சொல்லுக்கு இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. தேய்ந்ததால்தான் சலிக்கிறது, தேய்ந்ததால்தான் கைக்கு அடக்கமாகவும் இருக்கிறது. இன்னொன்று: பயிற்சி முடிந்து ஒரு வருடம் கழித்து, அவருடைய மேலதிகாரி தற்செயலாக “இயல்பா பேசிட்டு வாங்க” என்று சொன்னால் போதும், நீங்கள் உள்ளே வைத்ததெல்லாம் எழுந்துவிடும். ‘உள்ளொளி’யை எந்த மேலதிகாரி சொல்லப்போகிறார்?

பழைய காலத்துக் கதை ஒன்று. கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸிடம், பேச்சுக்கலையில் முதல் முக்கியமானது எது என்று கேட்டார்களாம். “நிகழ்த்தும் விதம்” என்றார். இரண்டாவது? “நிகழ்த்தும் விதம்.” மூன்றாவது? அதுவேதான். ரோமப் பேச்சாளர் சிசரோ இதை எழுதி வைத்திருக்கிறார். இன்று ஒரு பயிற்சியாளர் இப்படிப் பதில் சொன்னால் கருத்துத்தாளில் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். ஆனால் அந்த மனிதர் வாயில் கூழாங்கல்லை வைத்துப் பேசிப் பழகியதாகவும், மேட்டில் ஏறிக்கொண்டே மூச்சுவாங்கப் பேசியதாகவும், நிலவறையில் மாதக்கணக்கில் பயிற்சி செய்ததாகவும், வெளியே போக ஆசை வராமல் இருக்கத் தலையில் பாதியை மழித்துக்கொண்டதாகவும் பழங்கால வரலாற்றாசிரியர் புளூட்டார்க் சொல்கிறார். பாதித் தலையை மழித்தவர் ஒரே சொல்லை மூன்று முறை சொல்லலாம். நமக்கு அந்த உரிமை சும்மா வராது.

இனி உங்கள் பட்டியலில் இருக்கும் சொற்களைத் தனித்தனியாகப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

‘தன்னம்பிக்கை’தான் அதிகம் வீணடிக்கப்படும் சொல். அது ஒரு விளைவு. விளைவைக் கட்டளையாகக் கொடுத்தால் கேட்பவர் என்ன செய்வார்? ‘தூங்கு’ என்று அதட்டினால் தூக்கம் வருமா? வள்ளுவர் இந்த விஷயத்தில் நம்மைவிட நல்ல பயிற்சியாளர் என்று எனக்குத் தோன்றும். அவர் வைத்த தலைப்பு ‘அவை அஞ்சாமை’. என்ன வர வேண்டும் என்று சொல்லாமல், எது போக வேண்டும் என்று சொல்கிறார். அது 73-வது அதிகாரம். அதற்கு முந்தைய 72-வது ‘அவை அறிதல்’. எதிரே யார், அவர்களுக்கு என்ன தெரியும், என்ன வேண்டும் என்பது முதலில். பயம் போவது அடுத்தது. வரிசையைப் பாருங்கள். நம் வகுப்புகளில் முதல் நாள் காலையிலேயே தன்னம்பிக்கை வந்துவிடுகிறது, அவையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற பேச்சு இரண்டாம் நாள் மாலை, நேரம் இருந்தால்.

பயம் போவதற்கு வகுப்பில் செய்யக்கூடிய உருப்படியான காரியங்கள் இருக்கின்றன. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. பேசுகிறவர் தன் படபடப்பு எல்லோருக்கும் அப்பட்டமாகத் தெரிகிறது என்று நினைக்கிறார். உண்மையில் பார்ப்பவர்களுக்கு அவ்வளவு தெரிவதில்லை. இது முன்கூட்டியே எடுத்துச் சொல்லப்பட்ட குழுவினர் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். வகுப்பில் இதைச் செய்து காட்டுவது சுலபம். பேசி முடித்ததும் பேசியவரிடம், “உங்க பதற்றம் பத்துக்கு எவ்வளவு தெரிஞ்சிருக்கும்?” என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கேட்டவர்களும் தனித்தனியே எழுதட்டும். அப்புறம் எல்லாச் சீட்டையும் மேசையில் விரியுங்கள். பேசியவர் எட்டு என்று எழுதியிருப்பார், மற்றவர்கள் மூன்றும் நாலுமாக எழுதியிருப்பார்கள். என் வகுப்பில் பெரும்பாலும் இப்படித்தான் ஆகிறது. அந்தச் சீட்டுகளைப் பார்க்கும்போது அவர் தோள் இறங்கும். அப்போது, அந்த நொடியில், ‘தன்னம்பிக்கை’ என்று சொல்லுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

‘உற்சாகம்’ என்ற சொல்லும் உங்கள் வாயில் நிறைய வரும் என்று நினைக்கிறேன், எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அதற்கு ஒரு நல்ல உபயோகம் இருக்கிறது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்குச் சற்று முன் சிலரை “நான் உற்சாகமாக இருக்கிறேன்” என்றும், சிலரை “நான் அமைதியாக இருக்கிறேன்” என்றும் வாய்விட்டுச் சொல்ல வைத்தார். உற்சாகம் என்று சொன்னவர்கள் கூடுதல் நேரம் பேசினார்கள், கேட்டு மதிப்பிட்டவர்களுக்கும் அவர்கள் பேச்சுதான் எடுபட்டது. நெஞ்சு படபடவென்று அடிக்கும்போது ‘அமைதி’ என்றால் உடம்பு நம்பாது. ‘உற்சாகம்’ என்றால் நம்பும், ஏனென்றால் உற்சாகத்திலும் நெஞ்சு அப்படித்தான் அடிக்கும். எவ்வளவு சலித்துப்போன சொல், பாருங்கள்! சரியான நொடியில், சரியான உடம்பின் மேல் வைத்தால் வேலை செய்கிறது.

‘உடல்மொழி’ வேறு மாதிரிச் சிக்கல். அது தேய்ந்ததைவிட வீங்கியது அதிகம். கால், கை, கண், தோள், நிற்கும் இடம், முகம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி “இதைச் சரி செய்” என்று தலையில் வைக்கிறோம். மூட்டையைப் பிரித்து ஒன்றைக் கொடுங்கள். “இந்த வாக்கியம் முடியும்வரை அந்த ஒருவரையே பாருங்கள், அடுத்த வாக்கியத்துக்கு வேறு ஆள்.” அன்றைக்கு அது போதும்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். உங்கள் ஸ்லைடுகளில் ‘சொல் 7 சதவீதம், குரல் 38 சதவீதம், உடல்மொழி 55 சதவீதம்’ என்ற படம் இருந்தால் எடுத்துவிடுங்கள். இருக்கும் என்றுதான் நினைக்கிறேன், என்னிடமும் பல வருடம் இருந்தது. ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967-ல் வெளியிட்ட இரண்டு சோதனைகளிலிருந்து வந்த எண்கள் அவை. ஒற்றைச் சொல்லைப் பல தொனிகளில் கேட்க வைத்து, முகங்களின் புகைப்படங்களைக் காட்டி, சொல்பவருக்குப் பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்று கணிக்கச் சொன்ன சோதனைகள். 55 என்பது முகத்துக்கு, முழு உடம்புக்கு இல்லை. உணர்வையும் மனப்போக்கையும் பற்றிய பேச்சைத் தவிர மற்றவற்றுக்கு இது பொருந்தாது என்று அவரே எழுதிவிட்டார். பேச்சில் சொல்லுக்கு வெறும் 7 சதவீதம்தான் என்றால் தெரியாத மொழியில் நடக்கும் கூட்டத்தில் உட்கார்ந்து 93 சதவீதம் புரிந்துகொண்டு வரலாமே! உங்கள் கருத்துத்தாள்காரர் மாதிரி ஆட்கள் இதை ஒரு நிமிடத்தில் தேடிப் பிடித்துவிடுவார்கள். அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

குரலைப் பற்றிச் சொல்லும்போது உடம்பின் பாகத்தைச் சுட்டுவதைவிட, போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சுட்டுங்கள். இது என் அனுபவம் மட்டுமில்லை. உடல் திறன்களைக் கற்றுக்கொள்வது பற்றி ஆராயும் கேப்ரியேல் வுல்ஃப் 1998-ல் பனிச்சறுக்குப் பயிற்சிப் பொறியை வைத்துச் செய்த சோதனையில், தன் காலைக் கவனித்தவர்களைவிடக் காலுக்கு அடியில் இருந்த சக்கரங்களைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். அதற்குப் பிறகு இந்த வகைச் சோதனைகள் நிறைய வந்தன. பேச்சுக்கும் இது பொருந்துகிறது என்று நான் வகுப்பில் பார்க்கிறேன். “வயிற்றிலிருந்து குரலைக் கொண்டு வாங்க” என்றால் வயிற்றைப் பார்த்துக்கொண்டு பேசுவார். “கடைசி வரிசையில் கதவு ஓரமாக இருக்கிறாரே, அவருக்குச் சொல்லுங்க” என்றால் குரல் தானாக அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

‘எனர்ஜி’யை மட்டும் நான் விட்டுவிட்டேன். எவ்வளவு முயன்றும் அதற்குள் எதையும் வைக்க முடியவில்லை. சொன்னதும் எல்லோரும் கத்துகிறார்கள்.

‘இடைவெளி விடுங்கள்’ பற்றிக் கொஞ்சம். எல்லோரும் தலையாட்டுவார்கள், யாரும் விட மாட்டார்கள். விட்டதாக நினைப்பார்கள். ஒரு பெண், கணக்குத் தணிக்கையில் வேலை பார்ப்பவர், “இப்பவே ரொம்ப நேரம் நிறுத்திட்டேன், எல்லாரும் நான் மறந்துட்டேன்னு நினைச்சிருப்பாங்க” என்றார். பதிவைப் போட்டு கடிகாரம் வைத்துப் பார்த்தோம். ஒரு விநாடிகூட இல்லை. அடுத்த முறை வாக்கியம் முடிந்ததும் கட்டைவிரலால் மற்ற நாலு விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னேன், கையை உடம்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. தொட்டு முடித்துவிட்டுத்தான் அடுத்த வாக்கியம். மூன்றாவது விரலில் அவர் முகம் தவிப்பதைப் பார்க்க வேண்டுமே! ஆனால் அந்த மூன்றாவது விரலில்தான் அறையில் இருந்த எல்லோரும் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். அதற்கு மேல் நான் ‘இடைவெளி’ என்று சொன்னபோதெல்லாம் அவருடைய கட்டைவிரல் தானாக அசைந்தது.

இதிலிருந்து நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன், உங்களுக்கும் உதவும். ஒரு சொல்லைச் சொன்ன அடுத்த பத்து விநாடியில் கேட்டவர் ஏதாவது செய்ய முடிகிறதா? செய்தாரா இல்லையா என்று பக்கத்தில் இருப்பவரால் பார்த்துச் சொல்ல முடிகிறதா? இரண்டும் முடிந்தால் அந்தச் சொல் எவ்வளவு பழசாக இருந்தாலும் இன்னும் உயிரோடு இருக்கிறது. முடியாவிட்டால் அது இன்னும் பிறக்கவில்லை. மழுங்கிய கத்தியைச் சாணை பிடிக்கிற மாதிரி, அந்தச் சொல்லை ஒரு வேலையின் மேல் தேய்க்க வேண்டும்.

‘பயிற்சி செய்யுங்கள்’ என்பதையும் இந்தச் சோதனையில் போட்டுப் பாருங்கள். வீட்டுக்குப் போய் என்ன செய்வார்? தாளை எடுத்து மனசுக்குள் நாலு தடவை படித்துவிட்டு, பயிற்சி செய்தேன் என்பார். பொய்யும் இல்லை. “நின்றுகொண்டு, சத்தமாக, தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆரம்பத்தையும் முடிவையும் மட்டும் மூன்று தடவை” என்று சொல்லிப் பாருங்கள்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மேடைப்பேச்சுப் பழகுவதற்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1924-ல் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது. அங்கே ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவருக்கு, பேசுகிறவர்கள் எத்தனை முறை ‘ஆ’, ‘உம்’ என்று இழுக்கிறார்கள் என்று எண்ணுவதே வேலை. நம் ஆட்களிடம் எண்ணினால் ‘பாத்தீங்கன்னா’, ‘வந்து’, ‘ஆக்சுவலா’ மூன்றும் முன்னணியில் நிற்கும். ‘பாத்தீங்கன்னா’ எப்போது வருகிறது? அடுத்து என்ன சொல்வது என்று தெரியாதபோது, வாய் சும்மா இருக்கப் பயந்து போட்டு நிரப்பும் இடத்தில் வருகிறது. ஒரு முறை என் வகுப்பையே முழுசாகப் பதிவு செய்து கேட்டேன். ‘தன்னம்பிக்கை’ எத்தனை முறை வந்தது என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அதைவிட வெட்கம், அது எங்கெங்கே வந்தது என்பது. யாரோ பேசி முடித்திருப்பார், எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் அவர் பேச்சில் குறிப்பாக எதையும் கவனித்திருக்க மாட்டேன், ஆனால் ஏதாவது சொல்லியாக வேண்டும். “இன்னும் கொஞ்சம் தன்னம்பிக்கையோட பேசுங்க.” என்னுடைய ‘பாத்தீங்கன்னா’ அதுதான்.

உங்களுக்கும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஒரு வகுப்பைப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், அவ்வளவுதான். சொல் வரும் இடத்தில் நிறுத்தி, அதற்கு முந்தைய நிமிடத்தில் நீங்கள் உண்மையில் என்ன பார்த்தீர்கள் என்று உங்களையே கேளுங்கள். ஒன்றும் பார்க்கவில்லை என்றால், அடுத்த முறை அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு, “இரண்டாவது பத்தியை மட்டும் மறுபடி ஒரு தடவை பேசுங்க, நான் சரியாக் கவனிக்கலை” என்று சொல்லிவிடுங்கள். நான் அப்படித்தான் சொல்கிறேன். முதல் தடவை நாக்கு கூசியது. இப்போது யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை, மறுபடி பேச ஒரு வாய்ப்புக் கிடைத்ததே என்றுதான் நினைக்கிறார்கள். “சூப்பர்”, “நல்லா இருந்தது” இரண்டும் இதே ஜாதிதான். பாராட்டுவதில் தவறில்லை, எது நல்லா இருந்தது என்று ஒரு வாக்கியத்தைக் காட்டுங்கள்.

கடைசியாக, நான் மூன்று நாலு வருடமாகச் செய்து வரும் ஒரு காரியம். உங்கள் கூச்சத்துக்கு அது நேரடி மருந்தாக இருக்கும். முதல் நாள் காலை, வகுப்பு தொடங்கியதும், “பேச்சுப் பயிற்சி என்றால் என்னென்ன சொல்வாங்க?” என்று வந்திருப்பவர்களையே கேட்பேன். தன்னம்பிக்கை, இயல்பு, உடல்மொழி, கண் பார்த்துப் பேசு, இடைவெளி, கதை சொல், பயிற்சி செய். இரண்டு நிமிடத்தில் பட்டியல் முழுசாக வந்துவிடும், சிரிப்போடு. பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவேன். “இதெல்லாம் உங்களுக்கு முன்பே தெரியும். அதனால் இவற்றில் எதையும் நான் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லக் கூடாது” என்பேன். பயிற்சியின் நடுவில் யாருக்காவது ஏதாவது நடந்து, ‘ஓ, இதுதான் அதுவா’ என்று தோன்றினால், அவரே எழுந்து போய் அந்தச் சொல்லுக்கு எதிரே தன் முதலெழுத்தையும் என்ன நடந்தது என்பதை மூன்று நாலு வார்த்தையிலும் எழுத வேண்டும். ‘இயல்பு’க்கு எதிரே ‘ராத்திரி பம்ப்’ என்று இருக்கும். ‘இடைவெளி’க்கு எதிரே ‘மூன்றாவது விரல்’. அப்படி எழுதப்பட்ட சொல்லை அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் வகுப்பில் பயன்படுத்தலாம்.

இரண்டாம் நாள் மாலை அந்தத் தாளை எல்லோருமாகப் பார்ப்போம். எதிரே ஒன்றும் எழுதப்படாமல் ஒன்றிரண்டு சொற்கள் நிற்கும். அவை நான் சொல்லிக்கொடுக்காதவை. அதை அங்கேயே ஒப்புக்கொண்டுவிடுவேன், கருத்துத்தாளில் யாரும் எழுதுவதற்கு முன்பே. எனக்குப் பெரும்பாலும் ‘கதை சொல்’ மிஞ்சுகிறது.